நான்கு மூலையிலும் மஞ்சள்

போன வாரம் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய சார்ஜர்கள், மை வற்றிய பேனாக்கள், எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத இரண்டு சாவிகள், இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. தாமல் கிராமத்தில் ஒரு வீட்டுக் கல்யாணம், நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்தக் கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பட்டியல் முழுக்க என் கணினியில்தான் இருந்தது. அதனால் எனக்கென்று கொடுத்த பத்திரிகையை அன்று உறையிலிருந்து உருவிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது உருவினேன். உள்ளேயிருந்து என்னுடைய விசிட்டிங் கார்டு ஒன்று மடியில் விழுந்தது. என் பெயர், கைபேசி எண், நடுவில் கொஞ்சம் பெரிய எழுத்தில் 'வர்ச்சுவல் அசிஸ்டென்ட்', அதற்குக் கீழே தமிழில் 'இணையவழி அலுவலக உதவியாளர்'. நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் கட்டைவிரல் அழுந்திய தடம் தெரிந்தது. அந்தப் பத்திரிகையை அடித்துக் கொடுத்த கடை அக்காவின் விரல் அது. பார்த்ததும் எனக்கு வந்தது பழைய எரிச்சல்தான்.

வர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்றால் என்ன என்று இந்த ஊரில் நான் விளக்காத ஆள் கிடையாது. விளங்கிக்கொண்ட ஆளும் கிடையாது. எங்கோ இருக்கிற ஒருவருக்கு வரும் மின்னஞ்சல்களைப் படித்துப் பதில் எழுதி, அவர் யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று நாள் குறித்து, பயணச்சீட்டு எடுத்து, அவர் மறந்துபோனதை நினைவுபடுத்தி, அவருடைய அலுவலகத்தை என் வீட்டு அறையிலிருந்து நடத்திக் கொடுப்பதுதான் வேலை. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்வது பிள்ளையார்பாளையத்துக்குப் புதிதில்லை, எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறி ஓடுகிறது. ஆனால் தறியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது சேலை கொஞ்சமாவது வளர்ந்திருக்கும். வருகிறவர் போகிறவர் பார்த்து இரண்டு வார்த்தை சொல்வார்கள். நான் நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு நோக எழுந்தால் எதிரே ஒன்றும் இருக்காது. அதனால் எதிர் வீட்டு அம்மாள் கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கச் சொல்லும்போதெல்லாம், "நீ ஊட்ல சும்மாதானமா குந்திக்கினு இருக்கற" என்பார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் என் தொலைபேசி அழைப்புகளில் புகுந்துவிடும்; பெங்களூரில் இருந்த முதலாளியம்மா மாதம் ஒருமுறையாவது அங்கே ஏதாவது கட்டடம் இடிக்கிறார்களா என்று கேட்பார். அவருக்கும் விளக்க வேண்டும். என் பிழைப்பில் பாதி விளக்கத்திலேயே போனது.

அந்தப் பெங்களூர் அம்மையார் தன் பயிற்சி நிறுவனத்தை மூடிவிட்டு மகனோடு வெளிநாடு போனபோது நான் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. என் வேலையில் முக்கால் பங்கு அவருடையது. அதற்கு முந்தைய வருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. கல்யாணமாகி மூன்று வருடத்தில் நான் பெட்டியோடு திரும்பி வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்தவள் அவள். இப்போது என்னைத் தவிர அவளைத் தூக்கி உட்கார வைக்க ஆளில்லை. சென்னையில் இருக்கும் தம்பி நல்லவன், ஆனால் அவனுடையது நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு. தை மாதம் வரை பார்க்கலாம், அதற்குள் எனக்கு நிலையான வேலை அமையாவிட்டால் அம்மாவைத் தன்னிடம் அழைத்துப்போய்விடுவதாகவும், நான் ஒரகடம் பக்கம் ஏதாவது கம்பெனி ஆபீசில் சேர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னான். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். அவன் போனபிறகு, குழறுகிற நாக்கோடு, "நான் இந்த ஊட்லயே இருக்கறனே" என்று மட்டும் சொன்னாள். தை மாதத்துக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது.

இந்த நிலையில்தான் பத்திரிகைக்கடை அக்காவிடம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் தெரு முடிந்து கடைத்தெரு தொடங்கும் இடத்தில் அவருக்கு ஓர் அறை கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, புதுமனை புகுவிழா, கருமாதி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கணவரை இழந்தவர், ஒரே மகளை ஓசூரில் கொடுத்திருந்தார். பத்திரிகை மாதிரிகளை ஒட்டிய தடித்த ஆல்பங்களுக்கு நடுவே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் வீட்டில் யாருக்கு எந்த முகூர்த்தம் என்பது சம்பந்தப்பட்டவர்களுக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் தெரியும். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்பதும் ஊருக்கே தெரியும். நான் போனது விசிட்டிங் கார்டு அடிக்க. அவர் விவரம் கேட்டார், நான் முழுவதும் சொன்னேன். அம்மாவைத் தவிர வேறு மனித முகத்தோடு பேசி எத்தனை நாளாயிற்று என்பது பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "ஊட்லயே குந்திக்கினு லேப்டாப்ப தட்டிக்கினு இருந்தா எவனுக்குமா தெரியும் நீ இன்னா செய்றன்னு? போய் மூஞ்சிய காட்டணும். மூஞ்சிய பார்த்தாதான் இந்த ஊர்க்காரன் வேலை குடுப்பான்." அவர் உறுப்பினராக இருந்த வியாபாரிகள் கூட்டத்துக்கு என்னைத் தன்னோடு அழைத்துப்போவதாக அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

அடுத்த புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, எதிர் வீட்டு அம்மாளிடம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கார்டுகளை வாங்க முதலில் கடைக்குப் போனால், அக்கா முதல் கட்டைப் பிரித்து, சின்னக் கிண்ணத்தில் குழைத்த மஞ்சளை ஒவ்வொரு கார்டின் நான்கு மூலையிலும் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல. முடித்துவிட்டிருந்தார் என்றே சொல்ல வேண்டும். இரண்டு மூன்று கார்டுகள்தான் மிச்சம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது விசிட்டிங் கார்டு அக்கா, பத்திரிகை இல்லை, படித்தவர்கள் சிரிப்பார்கள் என்றேன். முதன்முதலாக ஒரு வீட்டுக்குக் கொடுக்கிற காகிதம், மஞ்சள் வைக்காமல் எப்படிக் கொடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். மற்ற கட்டுகளில் கை வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் அந்த மஞ்சள் கார்டுகளையே எடுத்துக்கொண்டு அவரோடு போனேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலின் மாடி. டைல்ஸ் கடைக்காரர், சோலார் தகடு விற்பவர், பல் மருத்துவர், கல்யாண வீடியோ எடுப்பவர், பட்டுக்கடை முதலாளிகள் என்று ஒரு நாற்பது பேர். இட்லி, பொங்கல் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து முக்கால் நிமிடத்தில் தன் தொழிலைச் சொல்ல வேண்டும், ஒருவர் மணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் முறை வந்தபோது, கண்ணாடி முன்னால் நின்று பாடம் செய்திருந்ததை ஒப்பித்தேன். மணி அடித்தது. ஒருவர் கம்ப்யூட்டர் சென்டரா என்று கேட்டார். இன்னொருவர் கால் சென்டர் என்று தீர்மானித்துக்கொண்டார். மூன்றாமவர், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று கைபேசியில் மெசேஜ் வருமே அந்தக் கும்பலா என்று தன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் எனக்குக் கேட்கும்படியே விசாரித்தார். கார்டை நீட்டினேன். மஞ்சளைப் பார்த்ததும் வரிசையாக எல்லா முகத்திலும் ஒரே சிரிப்பு, ஒரே கேள்வி, எப்போது கல்யாணம் என்று. விவாகரத்து வாங்கிய பெண் நான், நாற்பது பேரிடம் நாற்பது தடவை இது கல்யாணப் பத்திரிகை இல்லை என்று சொல்லிக்கொண்டு நின்றேன். அக்கா சற்றுத் தள்ளி யாரிடமோ மகள் வளைகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த மஞ்சள் கார்டுகளை ஈரத்துணியால் துடைத்தேன். எழுத்து கலைந்து அவையும் வீணாயின. மற்ற கட்டுகளை மறுநாள் போய் வாங்கி, ஒவ்வொரு கார்டாகப் பிரித்துப் பார்த்து, எல்லாம் வெள்ளையாக இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டுதான் எடுத்து வந்தேன்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், எனக்கு வேலை கொண்டுவந்ததும் அந்த மஞ்சள் கார்டுதான். பட்டுக்கடை முதலாளி ஒருவர் பத்து நாள் கழித்து அழைத்தார். மற்றவர்கள் கொடுத்த கார்டுகள் சட்டையோடு சலவைக்குப் போய்விட்டன, மஞ்சள் வைத்ததை அப்படி விட மனமில்லாமல் கல்லாவுக்கு மேலே சாமி படத்தின் சட்டத்தில் செருகி வைத்திருந்ததாகச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வருபவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும், அவர்கள் வருகிற நாள் குறிக்க வேண்டும், வீடியோவில் சேலை காட்ட நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. "லெட்டரெல்லாம் பையன் எழுதறான்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருக்கறாங்கமா. அது அப்டியே இருக்கட்டும்" என்றார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என் தொழிலே அதுதான். நான் எழுதியது அவர் எழுதியதாகத் தெரிந்தால்தான் நான் ஒழுங்காக வேலை செய்திருக்கிறேன் என்று பொருள். நன்றாகச் செய்ய வேண்டுமென்றால் மறைந்து நிற்க வேண்டும், வேலை தேட வேண்டுமென்றால் மேடை ஏறிச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ரகசியத்தை அக்காவிடம் சொன்னது நான்தான். இதை எழுதும்போதும் கை கூசுகிறது, ஆனாலும் சொல்லிவிட வேண்டும். ஒரு மத்தியானம் அம்மா தூங்கிய நேரத்தில் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். லண்டனிலிருந்து ஒரு குடும்பம் நான் எழுதிய கடிதத்தை மெச்சி எழுதியிருந்தது, அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அலுவலகம் போகிறவளுக்குப் பக்கத்து மேசை இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. எனக்கு அக்காவின் கடை ஸ்டூல்தான் இருந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். சரி என்றார். அவர் மேசைமேல் அப்போது அந்த முதலாளி மகனின் கல்யாணப் பத்திரிகைக்கான மாதிரிகள் பரப்பியிருந்தன. அந்த வருடத்தில் அவருக்கு வந்ததிலேயே பெரிய வேலை அது.

அதற்கு அடுத்த புதன்கிழமை, டைல்ஸ் கடைக்காரர் என்னிடம் இங்கிலீஷ் எல்லாம் நன்றாக வருமா என்று கொஞ்சம் இளக்காரமாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா எழுந்துவிட்டார். "இன்னா அப்டி கேட்டுட்டீங்க? போன வாரம் முதலாளி படிச்சு காட்டினாரே லண்டன்காரங்களுக்கு எழுதுன லெட்டரு, எல்லாரும் கை தட்டினீங்களே, அத எழுதனது யாரு? இந்தப் பொண்ணுதான்" என்றார். தன் பெண் பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோல அத்தனை பெருமை அவர் முகத்தில். முதலாளி அதற்கு முந்தைய வாரம் அந்தக் கடிதத்தை மகன் எழுதியதாகச் சொல்லித்தான் படித்திருந்தார். மகனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் தாய்மாமன் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி சிரித்தபடியே காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி வைத்திருந்தவர்கூட அடிக்க மறந்துவிட்டார்.

அன்று பதினொரு மணிக்கு முதலாளி அழைத்தார். குரலில் கோபமே இல்லை. "உன் வேலைல ஒரு குத்தமும் இல்லமா. ஆனா எங்க ஊட்டு விசயம் அச்சாபீசு வரைக்கும் போயிருக்குது. இனிமே வேணாம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை என்பதுதான் என்னை எரித்தது. வீட்டில் இருந்த கார்டுக் கட்டுகளை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அந்த ஒருநாள்தான். யார் உங்களைக் கேட்டது, உங்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா, இப்போது என் அம்மாவை நாலாவது மாடிக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டியதுதான் என்றேன். அக்கா குரலை உயர்த்தவில்லை. "நான் பொய்யா சொன்னேன்? மூடி வச்சிக்கினே இருந்தா யாருக்குமா தெரியும் உன் கையெழுத்து?" என்று கேட்டார். அவருக்குக் கடைசிவரை தான் செய்தது தப்பு என்று படவேயில்லை. அந்தப் பையை அவர் மேசைமேல் கவிழ்த்தேன். கட்டுகள் பிரிந்து கார்டுகள் ஆல்பங்களுக்கு மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சிதறின. உங்கள் கார்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கூட்டத்துக்குப் போவதை விட்டேன். அவர் கடை இருக்கும் தெருவையும் விட்டு, காய்கறி வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போனேன். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டில் அந்த முதலாளி மகன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தேன், அவர்கள் அந்தக் கடைக்குத்தான் நெய்கிறார்கள். பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும் அல்லவா, அதைத்தான் முதலில் தேடினேன். சென்னையில் ஏதோ ஓர் அச்சகம். அக்காவின் பெரிய வேலையும் அந்தக் காபி டம்ளரோடு போயிருந்தது. அவருக்கும் வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், அதை இப்போது மெழுகிப் பூசி எழுத விருப்பமில்லை.

தை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போது தம்பி வந்து அம்மாவுக்கென்று ஒரு கட்டில் வாங்கிவைத்திருப்பதாகச் சொன்னான். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரம்தான் தாமலிலிருந்து அந்த அழைப்பு வந்தது. விவசாயக் குடும்பம், மகளுக்கு அமெரிக்காவில் மாப்பிள்ளை. வெளிநாட்டிலிருந்து வருகிற ஐம்பது அறுபது பேருக்கும் விமானம் வரும் நேரம், தங்கும் அறை, கார், யாருக்கு என்ன சாப்பாடு ஆகாது என்பதுவரை பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று பெண்ணின் அம்மா கேட்டார். என்னைப்பற்றி எப்படித் தெரியும் என்றேன். கார்டு பார்த்தேன் என்றார். தென்னேரியிலிருந்து இன்னொரு வீடு அழைத்தது. அப்புறம் வாலாஜாபாத். எல்லாரும் கார்டு பார்த்ததாகத்தான் சொன்னார்கள். கூட்டத்தில் நான் கொடுத்த கார்டுகள்தாம் கைமாறிக் கைமாறி இவர்களிடம் போயிருக்கின்றன என்று நம்பினேன். அக்கா கெடுத்ததை நானே சரிசெய்துகொண்டேன் என்று ஒரு மிதப்புகூட வந்தது. கல்யாணம் முடிந்ததும் அந்த வெளிநாட்டு உறவினர்களில் இரண்டு பேர் தங்கள் அலுவலக வேலையை என்னிடமே ஒப்படைத்தார்கள். தம்பி கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அம்மா மேலும் இரண்டு வருடம் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்தாள், ஒருநாள் விடியற்காலை அவள் வீட்டிலேயே போனாள்.

கருமாதிப் பத்திரிகை அடிக்கத் தம்பிதான் போனான். எங்கள் சண்டை அவனுக்குத் தெரியாது, அதனால் அக்காவிடமே கொடுத்துவிட்டான். மறுநாள் பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு அக்காவே வந்தார். முழங்கால் வலி போலிருக்கிறது, வாசல்படியில் கையூன்றி ஏறினார். அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் கட்டை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டார். கறுப்புக் கரை போட்ட வெறும் வெள்ளைப் பத்திரிகைகள். கெட்டதுக்கு மஞ்சள் வைப்பதில்லை. அந்த நேரம் பார்த்து துக்கம் கேட்க வந்திருந்த தாமல் அம்மாள், யாரிடமோ என்னைப்பற்றிச் சொல்லும்போது, "எங்க பொண்ணு பத்திரிகை வாங்கியாந்தமே, அந்தக் கட்டுலதான் இவங்க கார்டு இருந்துச்சு. நாலு மூலையும் மஞ்சள் வச்சு, அழகா" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்டேன். செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "நீ கொட்டிட்டுப் போன கார்டு கடையில கெடந்துச்சு. மஞ்சள் வச்சத குப்பையில போட முடியுமா? அதான் போற கட்டுக்கு ரெண்டு மூணு சொருகி உட்டேன்." அவ்வளவுதான். வீடு நிறைய ஆட்கள், சமையல்காரர் அரிசி எவ்வளவு போடுவது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அவர் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்றும் தோன்றியது. அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் முழங்கால் முற்றி, கடையைக் கொடுத்துவிட்டு ஓசூருக்கு மகளிடம் போய்விட்டார். எப்போதாவது தொலைபேசியில் பேசுவோம். எடுத்ததும் கேட்பது ஒரே கேள்விதான், இந்த வாரம் எத்தனை பேரைப் பார்த்தாய் என்பார். யாரையும் பார்க்கவில்லை என்றால் அடுத்த நிமிடமே வைத்துவிடுவார்.

போன வாரம் அந்தக் கார்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் கட்டில் இருந்த மஞ்சள் கார்டுகளை அந்த நாற்பது பேரிடம் கொடுத்தேன், மிச்சத்தை நானே ஈரத்துணியால் துடைத்துப் பாழாக்கினேன். மற்ற கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து வாங்கி வந்தேன். அன்று அவர் மேசைமேல் நான் கவிழ்த்துக் கொட்டியவற்றில் ஒன்றில்கூட ஒரு பொட்டு மஞ்சள் கிடையாது. மஞ்சள் வைத்ததைக் குப்பையில் போட முடியாது என்று அவர் சொன்னது பச்சைப் பொய். நான் கத்திவிட்டுப் போனபிறகு, தன் பெரிய வேலையும் கைவிட்டுப் போனபிறகு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, சிதறிக் கிடந்ததை எல்லாம் பொறுக்கி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலையிலும் அவர் வைத்திருக்கிறார். இத்தனை வருடம் எனக்கு இது தெரியவில்லையே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. சொல்லாமல் விட்டாரே என்று அவர்மேலும் வந்தது. எதையெல்லாம் சொல்லக் கூடாதோ அதையெல்லாம் ஊரைக்கூட்டிச் சொன்னவர், சொல்ல வேண்டிய இந்த ஒன்றை மட்டும் மூடி வைத்துக்கொண்டார்.

உடனே அழைத்தேன். வழக்கம்போல எத்தனை பேரைப் பார்த்தாய் என்று ஆரம்பித்தார். "அக்கா, நான் அன்னிக்கு வெள்ளைக் கார்டுதானே கொட்டிட்டு வந்தேன்?" என்றேன். மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. பேரப்பிள்ளையை ஏதோ அதட்டினார். பிறகு, நான் கேட்டதே முட்டாள்தனமான கேள்வி என்பதுபோல, "வெறும் வெள்ளையா எப்டிமா ஒரு ஊட்டுக்கு அனுப்பறது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். நன்றியும் சொல்ல முடியவில்லை, சண்டையும் போட முடியவில்லை.

கூரியரில் வரவழைத்த புதிய கார்டுகள் ஒரு பெட்டி, வந்து ஒரு மாதமாகப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தன. வழவழப்பான தாள், மூலையில் கட்டம் கட்டமாக ஸ்கேன் குறியீடு எல்லாம் உண்டு. அந்தப் புதன்கிழமைக் கூட்டம் இப்போதும் நடக்கிறது, நானும் மறுபடி போகத் தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். இந்த மஞ்சள் சமாசாரத்தில் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை கிடையாது. எப்போது கல்யாணம் என்று யாராவது ஒரு சோலார்க்காரர் கேட்பார், அதற்கும் பதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பிரித்தேன். சமையலறையிலிருந்து மஞ்சள் டப்பாவையும் ஒரு சின்னக் கிண்ணத்தையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்துக்கொண்டு, அக்காவின் கார்டைப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். தண்ணீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, முதல் கார்டில் மூலை ஊறிப்போயிற்று. இரண்டாவது பரவாயில்லை.